கிசெல்லாவின் வெந்நீர்த் தொட்டி

திஸா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் பன்றி அடிக்கும் குளிர்காலம் வந்தால் கிசெல்லாவுக்குத்தான் முதல் அழைப்பு போகும். விடியலில் ஆண்கள் பன்றியை அறுத்துவிட்டு, பழச்சாராயம் ஊற்றிக்கொண்டு வீரம் பேசுவார்கள். கிசெல்லா முற்றத்து மூலையில் வெந்நீர்த் தொட்டியோடு உட்கார்ந்து குடல் கழுவுவாள். புரட்டிச் சுரண்டி, உப்பும் வெங்காயமும் போட்டுத் தேய்த்து அவள் எடுத்துத் தரும் குடலில்தான் அரைத்த இறைச்சியை அடைத்துச் சாசேஜ் செய்வோம். கணவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. ஊரோடு சேர்ந்து சிரிக்க அவளுக்கு இருந்தது அந்தத் தொட்டியடி ஒன்றுதான்.

அவளுக்கே பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை முடிந்து பாதியாக இளைத்துத் திரும்பியவள், "ஊர்க் குடலையெல்லாம் கழுவுனேன், என் குடலைக் கவனிக்காம விட்டுட்டேன் பாரு" என்று என்னிடம் சிரித்தாள். நான் பக்கத்து வீட்டு மார்கித். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் வானொலியில் ஒரு செய்தி சொன்னார்கள். சில குடல் கட்டிகளுக்குள் வைரஸின் தடயம் இருக்கிறதாம், அதற்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்களாம். அவ்வளவுதான் செய்தி. பன்றி அறுக்கும் வில்மோஷ் அதற்குக் கண், காது, மூக்கு வைத்துச் சாராயக்கடையில் பரப்பினான். வைரஸ் என்றால் சளி மாதிரி ஒட்டுமாம், அவள் கை பட்ட குடலைத் தின்றால் நம் கதியும் அதுதானாம்.

அந்தக் குளிர்காலம் யாரும் அவளை அழைக்கவில்லை. பன்றி அடித்தால் அக்கம்பக்கத்துக்கு ஒரு தட்டு ருசி பார்க்க அனுப்புவது எங்கள் வழக்கம். தன் சின்னப் பன்றியை அடித்து அவளும் அனுப்பினாள். வில்மோஷ் வீட்டுக்குப் போன சாசேஜை அவன் நாய் தின்பதை அவளே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பொறுக்காமல் நான் டாக்டரிடமே போய்க் கேட்டேன். வைரஸுக்குப் பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்னும் உறுதியாகத் தெரியாது, ஆனால் அவள் கழுவிய குடலால் யாருக்கும் புற்றுநோய் ஒட்டாது என்றார். கடையில் போய்ச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில், இருட்டும் நேரத்தில், வில்மோஷ் அவள் கொல்லைக் கதவைத் தட்டினானாம். இதைப் பின்னால் அவனே கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"அக்கா, உங்களுக்கு முதல்ல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டிருக்கிறான்.

"ஏன், உனக்கு ரத்தம் போகுதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோடையிலிருந்தே போகிறதாம். வெளியே தெரிந்தால் தன் கத்தியை ஊரே ஒதுக்கிவிடும் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லையாம். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்! நானாக இருந்தால் நாயை அவிழ்த்துவிட்டிருப்பேன்.

கிசெல்லா அவனுக்குச் சூடாகச் சூப் கொடுத்தாள். "நாளைக்கே டாக்டரப் பாரு, நானும் கூட வரேன். சனிக்கிழமை உன் வீட்டுல பன்றி அடிக்கிறியாமே? குடல் கழுவ என்னைக் கூப்பிடு."

"இப்ப எதுக்குக்கா அது?"

"நான் கழுவுனதை ஊரு முன்னால நீ தின்னு. இன்னிக்கு எல்லாரும் என் கைச் சாசேஜைத் தின்னாத்தான்டா, நாளைக்கு உன் கையாலயும் வாங்கித் தின்னுவாங்க."

சனிக்கிழமை வெந்நீர்த் தொட்டியைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தவன் வில்மோஷ்தான். வெந்து வந்த முதல் சாசேஜை எல்லாரும் பார்க்க நின்றபடியே தின்றான். பிறகு அவன் பெண்டாட்டி ஒன்றை எடுத்தாள், அப்புறம் நான்.

பனி உருகுவதற்குள் அவனுக்கும் அறுவை நடந்தது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவன் வீட்டு வாசலில் ருசித் தட்டுகள் வரிசையாக இருந்தன. முதல் தட்டு கிசெல்லாவுடையது.