இரண்டு நாற்காலிகளும் ஒரு வழக்கும்

சவரக் கத்தியைத் தாடையில் வைத்த பிறகுதான் கேள்வியைப் போடுவார் அந்த முடிதிருத்தும் கடைக்காரர். "சொல்லுங்க சார், இயேசு கடவுளா, இல்ல வெறும் நல்ல மனுஷனா?" நாற்காலியில் இருப்பவர் பாவம், விழியைத்தான் உருட்ட முடியும். "ஆடாதீங்க, கத்தி இருக்கு" என்று அடக்கிவிட்டு, பதிலையும் தானே சொல்லிவிடுவார்.

கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரசங்கியார். கத்தியின் கூர்மையைத் தன் முன்கையில் வழித்துப் பார்ப்பதால் இடது கை மட்டும் மொழுமொழுவென்றிருக்கும். "எப்பேர்ப்பட்ட அதிகாரியும் எனக்கு முன்னாடி தலை குனிஞ்சுதான் ஆகணும். நான் குனியறது ஒருத்தருக்குத்தான்" என்பார்.

அவருக்குச் சரியான எதிராளி இரண்டாவது நாற்காலியில் வேலை செய்யும் சொந்தத் தம்பிதான். தம்பி புதிதாக ஒரு மாலைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். இயேசு கடவுளின் ஊழியர், அவரைத் தொழுவது தப்பு என்றார்கள் அங்கே. அதோடு அவர் ஆலயத்துக்கு வருவது நின்றது. பேச்சு முற்றி, அடுத்த தெருவில் இடம் பார்த்துவிட்டேன், சனிக்கிழமை நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தபால்காரர் வந்து அண்ணனிடம் உட்கார்ந்தார். மீசையைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னார். தம்பி பக்கம் திரும்பி அண்ணன் வாதாடிய வேகத்தில், ஒரு பக்க மீசை முழுசாகத் துண்டில் விழுந்தது.

தபால்காரர் கண்ணாடியைப் பார்த்தார். "நீங்க பேசி முடிங்க. இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?"

"பாத்தீங்களாண்ணே, உங்க சாமியும் இப்படித்தான்" என்றார் தம்பி. "பாதி கடவுள், பாதி மனுஷன்."

"பாதின்னு எவன்டா சொன்னான்? முழுக் கடவுள். முழு மனுஷன்."

"முழுக் கடவுள்னா செத்துப்போன சிநேகிதன் கல்லறைகிட்ட ஏன் அழுதார்? அடுத்த நிமிஷம் அவனை உயிரோட எழுப்பப் போறவருக்கு அழுகை எதுக்கு?"

அண்ணன் கத்தியை மடக்கினார். குரல் இறங்கியது.

"அப்பா போனப்ப நாமளும்தான் அழுதோம். எழுப்ப முடிஞ்சுதா? அழத் தெரியாத கடவுள்கிட்ட எனக்கு என்னடா வேலை? அழ மட்டும் தெரிஞ்ச மனுஷன்கிட்ட போயி என்ன ஆகப் போகுது? அங்க அழுத அதே வாய்தான் கூப்பிட்டுது. செத்தவன் எந்திரிச்சு வந்தான். அதுதாண்டா மகிமை. அதை ரெண்டா வெட்ட எங்கிட்ட கத்தி இல்ல."

தம்பி சீப்பைத் துடைத்து வைத்தார். பிறகு தபால்காரரிடம், "இந்தப் பக்கம் வாங்க சார், மிச்சத்தை நான் எடுத்து விடறேன்" என்றார்.

நாற்காலி அன்று போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் ஆலயத்தில் ஒரே பெஞ்சு வரிசையில் நிற்கிறார்கள். பாட்டில் இயேசுவைக் கடவுளே என்று கூப்பிடும் வரி வரும்போது மட்டும் அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்து விழுந்ததும், கூரை அதிரச் சேர்ந்துகொள்வார்.