மொன்றியலின் ஒரே அமிஷ்

“ஆரும் வாங்கோ, எந்தப் பக்கத்தாலையும் அடியுங்கோ! இனி என்னாலை மொன்றியலிலை ஒரு எறும்புக்கும் நோகாது. நான் அமிஷ்!”

2004ஆம் ஆண்டு வைகாசியில், ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைவதற்குள், கோயில் வாசற்படியில் ஏறி நின்று யோசெப் இப்படி முழங்கினார்.

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஞானஸ்நான விருந்தில் கிருபானந்தனின் கடைவாய்ப் பல்லைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்திருந்தார். மனைவி மாக்கிரட் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: “இன்னும் ஒருக்கா கை நீட்டினால் பிள்ளையளோடை லொங்குய்ய்க்குத் தம்பி வீட்டை போயிடுவன். பேந்து வந்து நிண்டு அழக்கூடாது.” மாக்கிரட் சொன்னால் செய்கிறவள்.

தவித்தவருக்கு, நயாகராவுக்குப் போன கோயில் பஸ் வழி காட்டியது. ஒன்ராறியோவில் தெருவோரம் குதிரைவண்டி நிறுத்தி, கறுப்பு உடுப்புக்காரர் ஜாம் விற்றார்கள். சாரதி விளக்கினார்: இவர்கள்தான் அமிஷ், ஐரோப்பாவில் மதத்துக்காக அடிபட்டு ஓடிவந்தவர்களின் சந்ததி. கார் வைத்திருக்க மாட்டார்கள், வீட்டுக்குக் கரண்ட் இழுக்க மாட்டார்கள், அடித்தால் திருப்பி அடிக்க மாட்டார்கள். மணம் முடித்தவர் தாடி வளர்ப்பார். மீசை பட்டாளத்தானின் அடையாளம் என்று வழித்துவிடுவார்.

யோசெப் மீசையை வழித்தார். காரையும் கரண்டையும் விடவில்லை. அந்தோனியாருக்கு நேர்த்தி வேறு வைத்தார். அமிஷ்காரருக்கு அந்தோனியாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லையென்று சுவாமியார் சொல்ல வாயெடுத்தார். யோசெப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

‘அமிஷ்’ என்ற சொல் அவர்கள் குடியிருந்த கோட்-தெ-நேஜ் பகுதி எங்கும் பரவியது. செல்போன் வாங்காதவன் அமிஷ். நெடுஞ்சாலையில் ஊர்கிறவன் அமிஷ். மனைவி ஏச வாய் திறக்காதவன் முழு அமிஷ். யோசெப்பிடம் முன்பு வாங்கிக் கட்டியவர்களுக்கு மட்டும் அதற்கு ஒரே பொருள்: பயமில்லாமல் அடிக்கலாம்.

முதலில் வந்தவர் கிருபானந்தன். “அண்ணை, இப்பவும் அமிஷோ?”

“ஓம்.”

பளார்.

“இப்ப?”

“இப்பவும்.”

பளார். பிறகு தெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் ஒருவர் புருவத்தைப் பிளந்தார். இன்னொருவர் விலா எலும்பைப் பதம் பார்த்தார். இரத்தம் ஒழுக வீடு திரும்பியவருக்கு மாக்கிரட் ஒத்தடம் கொடுத்து, நண்டுக்கறி வைத்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு இப்படியொரு மரியாதை வீட்டில் கிடைத்ததில்லை.

ஆவணியில் பூங்காவில் ஓவர்கேம் என்கிற ஊர்ப்பாணிக் கரப்பந்தாட்டம். வலைக்குக் கீழே கிருபானந்தனின் முழங்கை யோசெப்பின் மூக்கை உடைத்தது. பந்து சிவந்தது.

“கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்,” என்றார் யோசெப், இரத்தத்தைத் துப்பிவிட்டு.

கிருபானந்தன் உடைந்துபோனார். தடாலென்று காலில் விழுந்து கதறினார். “அண்ணை, மன்னியுங்கோ! நாளைக்கே மீசையை வழிக்கிறன். நானும் அமிஷ்!”

சனம் கைதட்டியது. மாக்கிரட்டும் தட்டினாள். அந்தக் கைதட்டலில் கிருபானந்தனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. எழும்பிச் சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

“ஆனா ஒண்டு. அண்ணை அடங்கினது அக்காவுக்குப் பயந்து. நான் விரும்பி அடங்கிறன். மொன்றியலிலை உண்மையான அமிஷ் நான்தான்!”

இன்னும் பலத்த கைதட்டல்.

யோசெப் மூக்கில் பிடித்திருந்த துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த கணம் கிருபானந்தன் புல்லில் மல்லாந்து கிடந்தார்.

மாக்கிரட் சின்னவனின் சப்பாத்து நாடாவை முடிந்துவிட்டு, பையைத் தோளில் போட்டாள். மெற்றோப் பக்கம் நடந்தவளை யோசெப் கண்ணால் மட்டும் தொடர்ந்தார். பின்னாலே ஓடலாம்தான். ஆனால் நெஞ்சில் ஊன்றிய முழங்காலை எடுத்தால் கிருபானந்தன் எழும்பிவிடுவாரே.