கை நனைக்காத வீடு

அந்த டிபன் கேரியருக்கு நான்கு அடுக்கு. பிடியின் ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும். தூக்கிக்கொண்டு நடந்தால் அடித் தட்டு மட்டும் தனியாகச் சத்தம் போடும். பம்மலில் இருந்த பெரியம்மாவின் பாத்திரம் அது. ஒரே ஒருமுறை எங்களோடு ரயிலேறிப் பாண்டிச்சேரிக்குப் போய், அன்று இரவே தாம்பரம் திரும்பியது. போகும்போது கனமாக இருந்தது, வரும்போது இல்லை. அந்த வித்தியாசத்தை எங்களில் முதலில் உணர்ந்தது அக்கா.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்திருந்த புதிது. அக்கா குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வந்த வரன்கள் தட்டிப்போய்க்கொண்டே இருந்ததில் அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். அப்போதுதான் தரகர் பாண்டிச்சேரி வரனைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பையன் பிரான்ஸில் வேலை பார்க்கிறான், வீட்டில் அவன் தாயார் மட்டும். லீவு கிடைத்ததும் வந்து தாலி கட்டி அழைத்துப் போய்விடுவான், அதற்குள் பெண்ணே நேரில் வந்து வீட்டைப் பார்த்துவிடட்டும் என்றார்கள். பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்பா அதையும் ஒப்புக்கொண்டார். இதுவும் தவறினால் இன்னொன்று வராது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பதால் நான்காவது ஆளாக நான் சேர்க்கப்பட்டேன். நிச்சயமாகும் முன் வெளியே சொல்லக் கூடாது என்பதால் அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "சும்மா, பாண்டிச்சேரி சுத்திப் பாத்துட்டு சாயங்காலம் வந்துடுவோம்" என்றார் அப்பா. பெரியம்மா விடிவதற்குள் புளிசாதம் கிளறி நான்கு அடுக்கையும் அழுத்தி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. "பசின்னு ஒக்காந்துட்டா போச்சு. கட்டுச்சோறு கீதுன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். பாண்டிச்சேரி போகும் சின்ன வண்டியில் எங்கள் எதிரே, வெறும் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பட்டுப்புடவையையும் பெரியம்மாவின் தாம்பாளப் பையையும் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பையனுக்கு என்னாம்மா வேல?"

பெரியம்மாவால் பெருமையை அடக்க முடியவில்லை. "பிரான்ஸ்ல கீறாரு."

"எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு பிரான்ஸ் மாப்ள உண்டு" என்று அவள் சிரித்தாள். "என்னா, மாப்ளய மட்டும் யாரும் பாத்ததில்ல."

பெரியம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பூக்காரம்மாள் அக்காவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா விசாரிச்சீங்கல்ல?" என்று கேட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இராகு காலம் முடிய நேரம் இருந்ததால் கடற்கரையில் காத்திருந்தோம். வந்தவர்கள் பார்க்கிற எல்லாவற்றையும் நாங்களும் பார்த்தோம்: ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடிக் கடலில் முடியும் தெருக்கள், மஞ்சள் சுவர்கள், இரண்டு மொழியில் தெருப் பெயர்கள், சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள். அக்கா பாறைகள் மேல் அலை அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கேயிருந்து பாத்தா அந்த ஊர் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டாள். கடல் இருந்தது கிழக்கே. பிரான்ஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

வீடு வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதியில் இருந்தது. உயரமான தேக்குக் கதவு. அதற்குப் பின்னால் இரும்புக் கிராதி. பையனின் தாயார் இடுப்பில் செருகியிருந்த சாவியால் கிராதியைத் திறந்து எங்களை உள்ளே விட்டு, மறுபடி பூட்டினாள். "இந்தத் தெருவுல திருட்டு ஜாஸ்தி" என்றாள். உச்சி வெயில் நேரத்தில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கூடத்தில் இறந்துபோன வீட்டுக்காரரின் ராணுவ உடைப் படம், பக்கத்தில் கோட்டு போட்ட மகனின் படம். "இன்னாடா வூடு இது, கோட்டையாட்டம் கீது" என்று பெரியம்மா என் காதில் சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

தாயாருக்கு இனிமையாகப் பேச வந்தது. நகை விஷயத்தை ஒரே ஒருமுறைதான் கேட்டாள், அதுவும் சிரித்துக்கொண்டே. பெரியம்மா கையில் இருந்த கேரியரைப் பார்த்ததும், "என்ன சம்பந்தி, எங்க வீட்டுக்கு வரும்போது சோறு கட்டிக்கிட்டு வர்றதா? நாங்க என்ன பட்டினியா போட்டுடுவோம்?" என்று பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே திரும்பினாள். "ஏய், இத எடுத்துட்டுப் போ."

வந்து வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். தூரத்துச் சொந்தம், ஒத்தாசைக்கு இருக்கிறாள் என்றாள் தாயார். பெயர் சொல்லவில்லை. எலும்பு தெரியும் மணிக்கட்டு, கால் விரலில் மெட்டி. நான் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது சமையலறையைத் தாண்டிக் கொல்லைக் கதவு இருந்தது. பட்டப்பகலில் அதிலும் பூட்டு, உள்பக்கமாகத் தொங்கியது. அவள் சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என் காலடி கேட்டதும் தோள்கள் அசையாமல் நின்றன. திரும்பவில்லை.

பிரான்ஸிலிருந்து வந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்ததும் தாயார் இலை போடச் சொன்னாள். "பொண்ணு கை நனைச்சுட்டா முகூர்த்தம் குறிச்சிடுங்கன்னு தம்பி சொல்லிடுச்சு." கட்டுச்சோறு இருக்கிறது என்று சொல்லப் பெரியம்மாவின் கையில் கேரியர் இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண்தான் இலை போட்டாள். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும். எங்கள் வீடுகளில் அதை மாற்றிப் போடுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டுமே. அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் எனக்கும் இலை சரியாக விழுந்தது. அக்காவின் இலை மட்டும் நுனி வலது பக்கம் இருந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சா? திருப்பிப் போடு" என்றாள் தாயார். அவள் திருப்பிப் போட்டாள். உப்பு வைத்தாள். தாயார் பாயசப் பாத்திரத்தை எடுக்க உள்ளே திரும்பிய நேரத்தில், அக்காவின் முன் குனிந்து, உப்பு சிதறாமல், இரண்டு விரலால் இலையை மறுபடி மாற்றி வைத்தாள். முகத்தில் எதுவும் இல்லை. அக்கா இலையைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

அக்கா எழுந்துவிட்டாள். "பெரியம்மா, நான் தூரம். இப்பத்தான்."

மாதவிலக்கான பெண் அந்த வரிசையில் உட்கார முடியாது, கை நனைக்க முடியாது, அந்தக் கூடத்தில் நிற்கவே கூடாது. யாரும் மறுத்துப் பேச முடியாத ஒரே காரணம் அது. பெரியம்மாவுக்கு அக்காவின் நாள் கணக்கு தெரியும். பொய் என்று தெரிந்துகொண்டே, "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா இன்னாடி இது!" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். தாயார் பாயசத்தோடு அப்படியே நின்றாள். இனிமை முகத்திலிருந்து ஒரேயடியாகப் போய்விட்டிருந்தது. இன்னொரு நாள் வருகிறோம் என்று அப்பா மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறைக்குப் பிறகும் சாவி இடுப்பிலேயே இருந்தது. பெரியம்மா கிராதியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பும்படி, "தெறம்மா, பொண்ணு நிக்க முடியாம நிக்குது பாரு" என்றாள். அதன் பிறகுதான் பூட்டு திறந்தது. அந்தப் பெண் ஓடிவந்து கேரியரை அக்காவின் கையில் கொடுத்தாள். அக்காவின் கை சற்று மேலே எழும்பியதைப் பார்த்தேன். கனத்தை எதிர்பார்த்த கை அது.

வண்டி நகர்ந்த பிறகுதான் பெரியம்மா கேரியரைத் திறந்தாள். மேல் தட்டு காலி. அடுத்ததும், அதற்கடுத்ததும் காலி. புளி வாசனைகூட இல்லாமல் கழுவித் துடைத்திருந்தது. அடித் தட்டில் ஒரு சிட்டிகை சர்க்கரை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதல்லவா.

"நாலு பேரு சோறு" என்றாள் பெரியம்மா. "துன்ன வரைக்கும் துன்னுட்டு, மீதிய எங்கியாவது ஒளிச்சி வெச்சிருப்பா." அக்கா விரலை ஈரப்படுத்தி அந்தச் சர்க்கரையைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பா நெருக்கிக் கேட்ட பிறகு தரகர் உண்மையைச் சொன்னார். அவள் அந்த வீட்டு மருமகள். தாலி கட்டிய இரண்டாம் மாதம் பிரான்ஸுக்குப் போன மகன் அவளை அங்கே அழைத்துக்கொள்ளவே இல்லை. அவள் நகைகளை விற்றுத் தீர்த்திருந்தார்கள். "உங்க பொண்ணு பிரான்ஸுக்குத்தான சார் போவப்போறா, அங்க இதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்றார் தரகர். அப்பா போலீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

பிறகு நான் செய்தி மேசைக்கு மாறினேன். அந்த வருடங்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற தலைப்பு வாரம் தவறாமல் வரும், ஒரு பத்தி, நான்கைந்து வரி. பாண்டிச்சேரி என்று தொடங்கினால் தெருப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் திருத்துவேன். அந்தத் தெரு ஒருமுறையும் வரவில்லை. தொண்ணூறுகளில் வேறு வேலையாகப் போனபோது அந்த வீட்டைத் தேடிப் போனேன். விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிராதியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் மருமகளைப் பற்றி விசாரித்தேன். "மருமகளா? அந்த வீட்ல அந்தம்மா மட்டுந்தான் சார் இருந்தாங்க" என்றார். அவர் பதினைந்து வருடமாக அங்கே குடியிருப்பவர்.

அக்காவுக்கு, நாங்கள் நால்வரும் பாண்டிச்சேரி போய்வந்த அடுத்த வருடமே ஊரப்பாக்கத்தில் கல்யாணமாகியிருந்தது. பெரியம்மாவுக்குப் பிறகு கேரியர் என் வீட்டுக்கு வந்தது. பண்டிகைக்குப் பண்டிகை பலகாரத்தோடு அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும். அந்தப் பெண்ணைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறையும் பேசியதில்லை. திரும்பி வரும்போது மேல் மூன்று தட்டுகளில் அக்கா ஏதாவது வைத்திருப்பாள். அடித் தட்டில் எப்போதும் சர்க்கரைதான், ஒரு சிட்டிகை. போன பொங்கலுக்கும் இருந்தது. நான் திறப்பதற்குள் எறும்புகள் வந்துவிட்டிருந்தன. அவை எடுத்து முடிக்கும்வரை கழுவாமல் வைத்திருந்தேன்.