கடலைப் பார்த்துத் திரும்பிய பாய்

சுனாமிக்கு அடுத்த வருடம் அந்தமானில் ஹட் பேயில் தகரக் கொட்டகை போடும் வேலைக்குப் போனேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன், கடல் பழக்கமில்லை. நிவாரணத்தில் வந்த படகுகளுக்கு டீசல் கிடைக்காத நாட்களில், ராமநாதபுரத்துக் கிழவர் ஒருவர் தார்ப்பாயைத் தைத்துப் பாயாகக் கட்டி டிங்கி என்கிற சின்னப் படகை ஓட்டினார். எல்லோருக்கும் அவர் சாச்சா. அதைப் பார்த்து ஆசைப்பட்டு நாலைந்து பேர் அவரிடம் ஓட்டப் பழகினோம்.

"தகரம் அடிக்கிற கை. கயித்த ஆணி மாதிரி புடிக்கிறான் பாரு" என்பார்.

அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவரை நினைத்தால் எனக்கு அந்த ஒரு காலைதான் வருகிறது.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த நண்பனும் அன்று சாச்சாவோடும் என்னோடும் படகில் இருந்தான். காற்று கரையிலிருந்து அடித்ததால் மீனோடு வளைந்து வளைந்து கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கரையில் அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீனுக்காக நின்றாள்.

திடீரென்று படகின் அடியில் தடதடவென்று இடித்தது. பாறையில் ஏறிவிட்டோம் என்று குனிந்து பார்த்தேன். கீழே ஆழம்தான். கரையில் தென்னைகள் தாறுமாறாக ஆடின; பூகம்பம். ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவள் மட்டும் நின்றாள்.

சாச்சா சுக்கானைத் தள்ளினார். பாய் படாரென்று மறுபக்கம் விழுந்து விரிந்தது. படகு கடலைப் பார்த்து ஓடியது.

"சாச்சா, அங்க எம் பொஞ்சாதி நிக்கிறா! திருப்புங்க!"

"ஆழத்துக்குப் போயிரணும். கரையோரம் அலை புடிச்சா மூணு பேரும் காலி."

"அங்க ரெண்டு பேரு நிக்கிறாங்களே!"

அவன் பாய்ந்து சுக்கானைப் பிடித்தான். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. நான் எதிர்ப்பக்கம் விழுந்து அவன் சட்டையை இழுத்தேன்.

"அரே, போகணும்னா குதிச்சுப் போ. டிங்கி வராது" என்றார் சாச்சா.

அவனுக்கு நீந்தத் தெரியாது. அது சாச்சாவுக்கும் தெரியும்.

ஆள் தெரியாத தூரத்தில் கிடந்தோம். நான் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். அவன் கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அலை வரவில்லை. மதியத்துக்கு மேல் மற்ற படகுகள் கரைக்குப் போவதைப் பார்த்த பிறகே சாச்சா திருப்பினார்.

அவள் மணலில் நின்றாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. பிள்ளை தோளில் தூங்கியது.

"இந்தக் கெழவன்தான் விடல" என்றான்.

"விட்டிருந்தா நான் அங்கயேதான் நின்னிருப்பேன். நீ வந்துட்டு இருக்கியே, எப்படி ஓடுறது? பாய் அந்தாண்ட திரும்புனதப் பாத்துத்தான் புள்ளயத் தூக்கிட்டு ஓடுனேன்."

எல்லோரும் சாச்சாவைப் பார்த்தோம். அவர் மீனை அள்ளிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் நான் நெனைக்கலம்மா. எனக்குப் பயமா இருந்துச்சு. ஓடிட்டேன்."

அவள் மீனை வாங்கிக்கொண்டாள். அவன் அவள் பின்னால் நடந்தான். மறுநாள் சாச்சாவும் நானும் மட்டும்தான் கடலுக்குப் போனோம்.