நான் செத்துக் காட்டிய வெள்ளம்

என்னைப் போல் நூறு முறை செத்தவள் உலகத்திலேயே கிடையாது. சரி, நூறு என்பது கொஞ்சம் அதிகம், கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். என் மருமகளுக்குப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் வேலை. வெள்ளம் வருமுன் ஆற்றோரத் தெருக்காரர்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச் செல்வது அவள் பொறுப்பு. அதற்காக அவள் நடத்தும் ஒத்திகையில் அடிபட்டுச் சாகிறவராகக் கிடக்க யாரும் முன்வராததால், நெற்றியில் சிவப்பு மையோடு ஸ்ட்ரெச்சரில் ஏறுவது நான்தான்.

அவள் படும் பாடு சொல்லி மாளாது. மழைக்காலத்தில் வீட்டுக்கு வருகிறவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தபடி உறங்கிப்போவாள். நிஜ எச்சரிக்கை கொடுத்தால் ஒருவரும் அசையமாட்டார்கள். பூட்டிய வீட்டைத் திருடன் துடைத்துவிடுவானே என்ற பயம். ஒத்திகை என்றாலோ தெருவே திரண்டு வரும். தேநீர், பிஸ்கட், போதாததற்கு நான் சாகும் அழகு.

சென்ற மாதம் அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. காலையிலிருந்து வீடுவீடாகக் கெஞ்சினாள். "போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க, முழங்கால்கூட நனையல" என்றார் தையல்காரர், மெஷினை விட்டு எழாமலே. தொண்டை கட்டிப்போய் என்னிடம் வந்து நின்றாள்.

"அத்தை, கொஞ்சம் சாகணுமே."

"இன்னிக்கா? மழை கொட்டுதேடி!"

"அதனாலதான்."

மைக்கில் ஒத்திகை என்று அறிவித்தாள். பொய் சொல்ல எனக்குத்தான் வாய் கூசாது. அவளுக்குக் குரல் உடைந்தது. ஊழியர்கள் தூக்க, நான் முனகிக்கொண்டே முன்னால் போனேன். தெரு குடையோடு பின்னால் வந்தது. "பாட்டி, இன்னிக்கு நடிப்பு பத்தல!" என்று கேலி வேறு. பள்ளிக்கூட ஜன்னல் வழியே தங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைப் பார்த்தபோதுதான் கேலி நின்றது.

நன்றி சொல்வார்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"உண்மையைச் சொல்லியிருந்தா டிவியையாவது பரண்மேல ஏத்தியிருப்போமே!" என்று அவள்மேல் பாய்ந்தார்கள். அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள்.

ஆக, படுத்தபடியே ஒரு தெருவை முழுசாகக் கரையேற்றியவள் நான். இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று படித்த மருமகள் கொட்டாவி விட்டாள்.

"முழுசா இல்ல, அத்தை. தையல்காரர் வரல. கூரைமேல உட்கார்ந்திருந்தவரைப் படகுலதான் இறக்கினோம். இனிமே ஒத்திகைன்னாலும் யாரும் வரமாட்டாங்க. அதையும் எழுதுங்க."