அமத்தாத பொத்தான்

சமாதான காலத்தில் ஊர்காவற்றுறையில் ஒரு தேவாலயப் பங்குப் பணிமனைக்கு, ஞானஸ்நானப் பதிவுகளில் பெயர் தேடும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதில் ‘தேடு’, ‘அச்சிடு’ என்று இரண்டு பொத்தான்கள். மவுஸ் மேலே வந்தால் அவை நீலமாக மாறும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆனால் மூடும்போது சிலவேளை பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். மூன்று நாட்கள் என் வரிகளைப் படித்தும் காரணம் பிடிபடவில்லை. பதிவுகளைத் தட்டச்சுச் செய்த அக்காவிடம், “எதை அமத்தினீங்கள்?” என்று கேட்டேன்.

“ஒண்டையும் அமத்தேல்லை. ரெண்டு பொத்தானுக்கு மேலாலையும் மவுசைக் கொண்டு போனா மூடேக்கை நிண்டிடுது. ஒண்டுக்கு மேலாலை மட்டும் போனா நிக்காது.”

“அதாலை அப்பிடி வராது அக்கா.”

“நீர் இருந்து பாரும்.” கதிரையை விட்டு எழுந்தார்.

மவுசை இரண்டு பொத்தான்களுக்கும் மேலால் கொண்டுபோய் இரண்டு தரம் மூடிப் பார்த்தேன். இரண்டு தரமும் நின்றது.

பொத்தானை நீலமாகக் காட்டும் படம் நினைவகத்தில் ஒன்றுதான் இருந்தது. மவுஸ் பட்ட ஒவ்வொரு பொத்தானும் அதைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டது. மூடும்போது முதற்பொத்தான் அதை அழித்துவிட, மற்றது இல்லாத படத்தை மறுபடி அழிக்கப் போனது. அழிக்கும் வேலையைப் பொத்தான்களிடமிருந்து எடுத்து, திரையை மூடும் இடத்தில் ஒரேயொரு தரம் வைத்தேன். அதன்பிறகு நிற்கவில்லை.

“நீங்கள் சொன்னதுதான் சரி அக்கா.”

“ஓம், ரெண்டு கிழமையாப் பாத்தனான். நீர்தான் முதலே கேக்கேல்லை” என்றவர், விட்ட பதிவிலிருந்து தட்டத் தொடங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது.