ஒரு மணிக்கு ஊட்டுக்கு ஓடுகிறவள்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால், நாள் முழுக்க நின்றபடியே அடுத்தவர் விட்ட குறையைத் தேடுவது. நம் குறையைத் தேடத்தான் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களே. வேலைக்கும் போய், வீட்டில் நோயாளியையும் பார்க்கிற சகோதரிகளுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி வெளியூரில். என் வீட்டுக்காரர் இதே கம்பெனியில் கீழ்த்தளத்தில் கட்டிங் மாஸ்டர், நான் மேல்தளத்தில். ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்தால் அவர் டிபன் டப்பாவைத் திறப்பார், நான் அத்தையைப் பார்க்க எங்க ஊட்டுக்கு ஓடுவேன்.

அம்பு ஸ்டிக்கர்

துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்போம். விரல் நுனியில் எப்போதும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அப்படியே ஓடிப்போய், அத்தையைத் திருப்பிப் படுக்க வைத்து, துணி மாற்றி, ரசஞ்சோறு ஊட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அத்தை தோளில் ஓர் அம்பு! பாவம், மத்தியானம் முழுக்க அதோடேயே படுத்திருந்திருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: “ஏன் அம்மிணி, என்னையும் டேமேஜுன்னு ஒதுக்கி வெச்சுட்டயா?”

போன் பெட்டி

மேல்தளத்தில் பெண்கள் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. சூப்பர்வைசர் மேசையில் ஓர் அட்டைப்பெட்டி, எல்லார் போனும் அதற்குள். கீழே கட்டிங்கில் ஆண்களுக்குப் போன் சட்டைப்பையிலேயே இருக்கும். பெட்டிக்குள் எது அடித்தாலும் இருபது தலைகள் நிமிரும். பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, ஆளுக்கொரு பயம்.

ஒருநாள் அடித்தது என்னுடையது. பக்கத்து வீட்டம்மா பேசினார். உள்ளே மாமியார் சத்தம் போடுகிறார், கதவு பூட்டியிருக்கிறது என்றார். பர்மிஷன் கேட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, முருகா முருகா என்று ஓடினேன். தண்ணீர்ச் சொம்பு கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது, அவ்வளவுதான். மூச்சு வந்த பிறகு, “எங்க ஊட்டுக்காரருக்குப் போன் பண்ணியிருக்கலாமுங்களே, போனைக் கையிலதான வெச்சிருக்காரு?” என்று அந்தம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வேலை செய்யற ஆம்பளையப் போயி எப்படீங்க தொந்தரவு பண்றது?”

திங்கட்கிழமைக்குள்

எட்டாவதோடு நின்றவள் நான். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, செக்கிங் இன்சார்ஜ் வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இன்சார்ஜ் மத்தியானம் வெளியே போகக் கூடாதாம். வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் தைத்து முடித்த பீஸ்களைப் பார்க்க வருவது அந்த நேரத்தில்தானாம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

இரண்டு நாள் சாமி முன்னால் நின்றேன். அத்தை எழுந்து நடக்கட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அது அவருக்காகக் கேட்பதா, எனக்காகக் கேட்பதா என்று தெரியாமல் விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம், “மத்தியானம் நீங்க போறீங்களா?” என்றேன். மேசை நிறையத் துணி விரித்துக் கிடக்குமே என்றார். துணி எங்கேயும் எழுந்து போய்விடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து டேபிள் சரசுவிடம் இதைச் சொல்லி அழுதபோது அவள் பீஸைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்கக்கா, பெத்த மகன் போனா அந்தம்மா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?”

அவர் போன நாள்

திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு மணிக்குக் கீழே இறங்கிப் போய் அவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். என்னையும் சாவியையும் பார்த்தார், வண்டியை எடுத்தார்.

நான் ஒரே பீஸை மூன்று தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி அடித்தது. ரசம் எந்தப் பாத்திரத்தில்? மறுபடி அடித்தது. மாற்றுத் துணி எங்கே? மூன்றாவது தடவை அடித்தபோது, “அம்மா முதுகெல்லாம் புண்ணா இருக்குதே, எனக்கு ஏன் சொல்லல?” என்றார். நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

கால் மணி நேரம் தாமதமாகத் திரும்பி வந்தார். கட்டிங் செக்‌ஷனில் ஏன் தாமதம் என்று அவரை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் தோளைத் தட்டினார்களாம். ஒருவர் அதற்காகவே படியேறி என்னிடம் வந்து சொன்னார்: “இப்பேர்ப்பட்ட மனுசன் கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கோணுமுங்கக்கா!”

இப்போது நான் இன்சார்ஜ், தினமும் ஊட்டுக்குப் போகிறவர் அவர். மத்தியான வேலையை ஒருவழியாகக் கைமாற்றிவிட்டேன், மத்தியானக் கவலையை வாங்கிக்கொள்ளத்தான் இன்னும் ஆள் வரக் காணோம்.